மினுக்குப் படகோட்டி

மைத்துனன் என் சீட்டுக்கட்டைத் தட்டவில்லை. கையில் எடுத்துக் கலைத்தான்.

எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் சொந்தக் கட்டோடு வருவார்கள். வருடக்கணக்கில் வாங்கி, மாற்றி, பொறுக்கிச் சேர்த்த சீட்டுகள். தொடங்கும் முன் அவரவர் கட்டை அவரவர் கலைத்து, கடைசியாக ஒருமுறை வெட்டி, எதிராளியின் முன் வைக்க வேண்டும். எதிராளி விரும்பினால் அதை மறுபடி கலைக்கலாம். அது விதி. ஆனால் தெரிந்தவர்களுக்குள் யாரும் கலைப்பதில்லை. மேல் சீட்டில் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். உன்மேல் சந்தேகமில்லை என்று அதற்குப் பொருள். கலைத்தால், அதற்கும் பொருள் உண்டு.

அவன் என் மனைவியின் தம்பி. எங்கள் இருவருக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அன்றிலிருந்து அவன் என் கட்டைத் தட்டித்தான் பழக்கம். போன மாதம் தகுதிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். சுற்றிலும் கூட்டம், தலைக்கு மேல் கேமரா. அப்போதும் ஒரு தட்டோடு நிறுத்தினான். அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். எங்கள் வட்டாரத்திலிருந்து சாம்பியன்ஷிப்புக்கு ஒருவர்தான் போகலாம். அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

இப்போது வெறும் பயிற்சியில் கலைக்கிறான். அதுவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விடாமல்.

"என்னடா புதுசா?"

"அங்க போனா எல்லாரும் கலைப்பாங்க மாமா. இப்பவே பழகிக்கோங்க."

பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்பதற்கு முன்பே தயாராக இருந்தது என்பதுதான் உறுத்தியது.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறேன். எரிந்த காரைப் பார்க்கும் முன் அதன் சொந்தக்காரரைப் பார்ப்பேன். நிஜமாகவே பறிகொடுத்தவர் தடுமாறுவார், சொன்னதையே மாற்றிச் சொல்வார், நடுவில் சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பார். ஏமாற்ற வந்தவருக்குத்தான் எல்லாம் கோவையாக வரும்.

அன்று ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றேன். படகோட்டி வரவே இல்லை.

படகோட்டி என்பது என் படையை அக்கரை சேர்க்கும் சீட்டு. என் கட்டில் அது நான்கு இருக்கிறது. முதல் சில கைகளுக்குள் ஒன்றாவது வந்துவிட்டால் கட்டு ஓடும். வராவிட்டால் மற்ற சீட்டுகள் எல்லாம் கரையிலேயே உட்கார்ந்திருக்கும். என்னிடம் இருந்த நான்கும் மினுக்குச் சீட்டுகள், சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் அசைவது போலத் தெரியும். அவை என் மனைவியுடையவை. போன வருடம் அவள் இறந்த பிறகு அவள் கட்டிலிருந்து எடுத்து என் கட்டில் வைத்தேன்.

கடைக்காரர் மேசைப் பக்கம் வந்தார். சீட்டுகள் விற்கும் கடை அவருடையது. போட்டிகளில் நடுவராகவும் உட்காருவதால் எல்லோருக்கும் அவர் 'நீதிபதி'. அவருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

"என்ன சார், படகோட்டி இன்னிக்கு லீவா? உங்களுக்குன்னா கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவானே?"

நான் சிரித்து வைத்தேன். மைத்துனன் சிரிக்கவில்லை. என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் தேநீர் வாங்க எழுந்து போனேன். இரண்டு கோப்பைகளோடு திரும்பியபோது அவன் குனிந்து, போனை மேசையோடு மேசையாக என் கட்டின் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"யாருக்குடா போட்டோ?"

"போட்டோவா? மெசேஜ் பாத்தேன்."

"மேசையோட ஒட்டி வச்சா டவர் நல்லா கிடைக்குதோ?"

"டீ ஆறுது மாமா."

தேநீரைக் குடித்தோம். ஆடினோம். மறுபடியும் கலைத்தான், நானும் மறுபடி தோற்றேன்.

அன்று கிளம்பும்போது நீதிபதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"சார், ஒருவேளை போக முடியலன்னா கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க. ரெண்டாவதா வந்தவரை அனுப்பணும்."

"நான் போகலன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க மச்சான்தான் கேட்டார், ஜெயிச்சவர் போகலன்னா என்ன ஆகும்னு. பொதுவாக் கேட்டார்."

"பொதுவாவா?"

"பொதுவாத்தான் சார். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

இரண்டாவதாக வந்தவன் அவன்தான்.

அலுவலகத்தில் என்றால் இந்த இடத்தில் கோரிக்கையை நிறுத்திவைத்துவிட்டு விசாரணை என்று எழுதுவேன். என் கட்டோடு தனியாக இருக்க அவனுக்கு வாய்ப்பு இருந்தது. நான் போகாவிட்டால் லாபம் அவனுக்கு. மீதி எப்படி என்பதுதான். அதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. எல்லாச் சீட்டுகளும் பின்பக்கம் தெரியாத உறைகளுக்குள் இருக்கும். ஓர் உறையில் ஒரு நகக்கீறல் இருந்தால்கூட அது குறி. சாம்பியன்ஷிப்பில் நடுவர்கள் கட்டை வாங்கிப் பரிசோதிக்கும்போது அது கண்ணில் பட்டால் அங்கேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஏமாற்றுக்காரன் என்ற பெயரோடு தடையும் வரும். எத்தனை வருட உழைப்பையும் தீர்த்துக்கட்ட ஒரு நகம் போதும்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் எல்லாச் சீட்டுகளையும் கவிழ்த்துப் பரப்பினேன். விளக்கைச் சாய்த்துவைத்து ஒவ்வோர் உறையாகப் பார்த்தேன். ஓரங்களை விரலால் தடவினேன். ஒன்றும் இல்லை. இருந்தும் எல்லா உறைகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

நடுவில் மாமியார் போன் செய்தார்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"பொய். சரி விடுங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது சண்டையா?"

"இல்லயே. ஏன்?"

"அவன் வீட்டுக்கு வந்தா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கான். கேட்டா கார்டு யோசனைங்கறான். முப்பது வயசு ஆம்பளை, மருந்துக்கடை வச்சிருக்கான், பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா என்ன பொழுதுபோக்குன்னு சொல்றது? படகோட்டிக்கிட்டு இருக்கான்னா?"

"நான்தான் படகோட்டி அத்தை. அவன் கட்டு வேற."

"ரெண்டு பேரும் ஒரே கப்பல்தான். மாமாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ஒரு நாள் தானா முணுமுணுத்தான். என்ன கேக்கணுமாம்?"

"தெரியல."

தெரியும் என்றுதான் நினைத்தேன். இடத்தை விட்டுக்கொடு என்று கேட்கக் கூச்சம். அதனால் குறுக்கு வழி.

அடுத்த சனிக்கிழமை பொறி வைத்தேன். பயிற்சிக்கு நடுவே கட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, அலுவலகத்திலிருந்து அழைப்பு என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். கடையின் கண்ணாடிக் கதவு முழுக்க விளம்பரத் தாள்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். பக்கத்துச் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

மைத்துனன் சுற்றுமுற்றும் பார்த்தான். என் கட்டை எடுத்தான். நகத்தை வைக்கவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தான். கலைத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெட்டி, மேல்பாதியை அடியில் வைத்து, மேலே வந்த முதல் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி கலைத்தான். வெட்டினான். திருப்பினான். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அவன் முகம் தொங்கியது. ஒருமுறை திருட்டுக் கோரிக்கையை விசாரிக்கப் போன வீட்டில், திருடு போனதாக அப்பா எழுதிக்கொடுத்த நகைகளை அலமாரியிலேயே பார்த்துவிட்ட மகனின் முகம் அப்படி இருந்தது.

உள்ளே போனேன்.

"என் கட்டுல என்னடா பண்றே?"

அவன் பதறவில்லை. கட்டை மேசையில் வைத்தான்.

"அத நான் கேக்கணும். நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க மாமா?"

"பேச்சை மாத்தாத. உறையில குறி வச்சு என்னை மாட்டிவிடப் பாக்கறே. ஜெயிச்சவர் போகலன்னா யார் போவான்னு கேட்டியாமே?"

கல்லாவில் நீதிபதி அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தார்.

"கேட்டேன்," என்றான். "ஏன் கேட்டேன்னு காட்டறேன். உக்காருங்க. கலைச்சு, கண்ண மூடிக்கிட்டு வெட்டுங்க."

"எதுக்கு?"

"வெட்டுங்க மாமா."

கலைத்தேன். கண்ணை மூடினேன். வெட்டினேன். அவன் மேல் சீட்டைத் திருப்பினான். படகோட்டி.

"இன்னொரு தடவை."

படகோட்டி.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறையும் அதுவே. அடுத்த முறை வேறு சீட்டு வந்தது. அதற்கடுத்த முறை மறுபடி படகோட்டி, தண்ணீர் அசைய.

"இப்ப பக்கத்துல இருந்து பாருங்க," என்றான்.

குனிந்து பார்த்தேன். கட்டில் நான்கு இடங்களில் மயிரிழை போல இடைவெளி. நான்கு படகோட்டிகளும் லேசாக வளைந்திருந்தன. மினுக்குச் சீட்டில் ஒரு பக்கம் உலோகப் படலம், அதற்கு அடியில் காகிதம். காகிதம் ஈரத்தைக் குடிக்கும், படலம் குடிக்காது. அதனால் சீட்டு முதுகு வளையும். உறை புதிதானாலும் உள்ளே இருப்பது வளைந்ததுதான். கட்டை வெட்டப் போகும் விரல் தானாக அந்த இடைவெளியில் போய் நிற்கும். அடியில் இருந்தது மேலே வரும். அதன் முதல் சீட்டு படகோட்டி.

யாராவது மறுபடி கலைத்தால் அது உள்ளே போய்விடும். தட்டினால் போகாது.

"பைனல்ல நான் தட்டிட்டேன்," என்றான் மைத்துனன். "மூணு ஆட்டத்துலயும் உங்களுக்கு முதல் கையிலயே படகோட்டி. ராத்திரி வீடியோவைப் போட்டுப் பாத்தேன். நீங்க வெட்டறப்ப விரல் ஒரு இடத்துல தேடி நிக்குது."

"நான் தெரிஞ்சு பண்ணல."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அந்த நேரத்தை நான் தொழிலில் நன்றாக அறிவேன். நம்பாததை நம்புவதாகச் சொல்லும் முன் ஒருவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்காரும் நேரம் அது.

"நம்பல நீ."

"நம்பணும்னுதான் மாமா இத்தனை நாளா ஒண்ணொண்ணா பாத்துட்டிருக்கேன். உங்ககிட்ட நேரா எப்படிக் கேக்கறது? அக்காவோட கார்டை வச்சு என்னை ஏமாத்துனீங்களான்னா?" நிறுத்தினான். "அக்கா பெட்டிக்குள்ள குட்டிக் குட்டி பாக்கெட் போட்டு வச்சிருப்பாளே, ஈரம் இழுக்கறது. மருந்து டப்பாவுல வருமே. எங்க கடைக்கு வந்து அள்ளிட்டுப் போவா. அதெல்லாம் எங்க?"

வெள்ளைப் பொட்டலங்கள். அவள் போன பிறகு, மிச்சமிருந்த மருந்துகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிக் குப்பையில் போட்டேன். சீட்டுப் பெட்டிக்குள் கிடந்தவற்றையும் சேர்த்துத்தான். அவையும் அவளுடைய மருந்தோடு வந்தவை என்று நினைத்தேன்.

"தூக்கிப் போட்டுட்டேன்."

நீதிபதி கல்லாவிலிருந்து தொண்டையைக் கனைத்தார்.

"இங்க பாருங்க, அன்னிக்கு நடுவர் நான். உறையைப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுந்தாச்சு. இனிமே யாரும் எதுவும் பண்ண முடியாது. சார்தான் போறார். மினுக்கை எடுத்துட்டுச் சாதா படகோட்டியைப் போட்டுட்டுப் போங்க. விஷயம் முடிஞ்சுது."

"அதுக்குத்தான் நானும் கேட்டேன்," என்றான் மைத்துனன். "இப்ப வெளிய தெரிஞ்சு மாமா போக முடியாம ஆனா என்ன ஆகும்னு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "எனக்கு ஆசை இல்லன்னு சொன்னா அது பொய்."

அன்று முதன்முறையாக அவன் தடுமாறினான். முதன்முறையாக அவன் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் என் பேச்சை அவன் நம்ப என்னிடம் எதுவும் இல்லை. இந்த இடத்தோடு நான் கிளம்பிப் போனால், அவன் வாழ்நாள் முழுக்க என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"மறுபடி ஆடலாம்," என்றேன்.

"எத?"

"பைனலை. இப்பவே. ஜெயிக்கறவன் போறான்."

"வேண்டாம் மாமா."

"நீதிபதி, நாலு சாதா படகோட்டி குடுங்க. ரெண்டு கட்டையும் நீங்களே கலைங்க."

"எனக்கு இதுல சம்பந்தமே இல்ல," என்று சொல்லிக்கொண்டே அவர் பெட்டியைத் திறந்தார். கொடுத்த படகோட்டிகள் மங்கலாக, தட்டையாக இருந்தன. அவளுடைய நான்கையும் உருவிச் சட்டைப் பையில் வைத்தேன்.

மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எனக்குப் படகோட்டி வரவே இல்லை. தோற்றேன். இரண்டாவதில் படகோட்டி தாமதமாக வந்தான். தாமதமானாலும் போதுமாக இருந்தது. ஜெயித்தேன். மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. நீதிபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சீட்டு வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்றார்கள்.

ஒரு கட்டத்தில் என் படை முழுக்க அக்கரை சேர்ந்துவிட்டது. தாக்கினால் முடிந்தது. அவன் கையில் இரண்டே சீட்டுகள். அதில் ஒன்று 'அணை'ச் சீட்டாக இருந்தால் என் படை மொத்தமும் போகும். அவன் முகத்தைப் பார்த்தேன். மிக அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அணை வைத்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். தாக்காமல் ஒரு முறை காத்திருந்தேன்.

அந்த ஒரு முறை அவனுக்குப் போதும். அடுத்து எடுத்த சீட்டில் ஆட்டம் திரும்பியது. இரண்டு சுற்றில் முடித்துவிட்டான்.

யாரோ கைதட்டினார்கள். மைத்துனன் கையிலிருந்த மீதிச் சீட்டைப் போட்டான். ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

"அந்த முறை ஏன் தாக்கல?" என்றான்.

"அணை வச்சிருக்கன்னு நெனச்சேன்."

"என் கைல ஒண்ணுமே இல்ல. சின்னப் பையன்கூட தாக்கியிருப்பான்." என் பக்கம் எட்டி, நான் கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான். நான் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "வேணும்னேதான் தோத்தீங்க, இல்ல? எனக்கு விட்டுக்குடுக்கலாம்னு."

"இல்ல."

"மாமா, என்கிட்ட மறைக்காதீங்க. எனக்குத் தானம் வேண்டாம்."

"இல்லன்னு சொல்றேன்ல."

"பின்ன ஏன் தாக்கல?"

"டேய்!" மேசையில் ஓங்கி அறைந்தேன். சீட்டுகள் தரையில் சிதறின. "ஜெயிக்கணும்னுதான்டா ஆடினேன்! எனக்கு அந்த இடம் வேணும்டா! உன் மூஞ்சியைப் பாத்து ஏமாந்துட்டேன், போதுமா? தானமா? உனக்கா? நான் எதுக்குடா உனக்குத் தானம் பண்ணணும்?"

கடை அமைதியாகிவிட்டது. என் குரல்தான் அது. ஒரு வருடமாக வீட்டிலோ அலுவலகத்திலோ நான் அதைக் கேட்டதில்லை. மூச்சு வாங்கியது. உள்ளங்கை வலித்தது. அந்த ஆட்டத்தை நான் ஜெயித்திருக்க வேண்டும், கைக்கு எட்டியதை விட்டுவிட்டேன் என்ற ஆத்திரத்தைத் தவிர உள்ளே வேறொன்றும் இல்லை.

மைத்துனன் என்னைப் பார்த்தான். கட்டைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரியே, கண்ணுக்கு நேராக, நிதானமாக. பிறகு குனிந்து தரையில் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"சரி," என்றான் மேசைக்கு அடியிலிருந்து. "இப்ப நம்பறேன்."

போனை எடுத்து, என்னால் வர இயலவில்லை, என் இடத்தை இரண்டாவதாக வந்தவருக்குத் தரவும் என்று போட்டி அமைப்பாளர்களுக்கு எழுதினேன்.

"நாளைக்கு அனுப்பலாமே மாமா. தூங்கி எழுந்து யோசிச்சு."

"யோசிச்சா அனுப்ப மாட்டேன்."

அனுப்பினேன். நீதிபதி மெல்ல எழுந்து விளம்பரத் தாள்களைச் சரிசெய்யப் போனார். மைத்துனன் பொறுக்கிய சீட்டுகளை அடுக்கி என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"அணை எத்தனை வச்சிருக்கே கட்டுல?" என்றேன்.

"ரெண்டு. வரவே இல்ல."

"ரெண்டு எப்படி வரும்? நாலு போடு. அந்த வெட்டிச் சீட்டைத் தூக்கு. ரெண்டாவது ஆட்டத்துல காவல் சீட்டை வலது பக்கம் வச்சியே, அது யார் சொல்லிக் குடுத்த புத்தி? அங்க எவனாவது..."

"மாமா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும் என்று அடுத்த தப்பைச் சொன்னேன். குரல் இன்னும் இறங்கவில்லை.